பத்துப் பானை நீராகாரம்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் நாலு பேராவது இறங்கி என் கடைக்கு வருவார்கள். மார்கழியில் அவர்கள் கேட்பது காப்பி. சித்திரை பிறந்துவிட்டால் காலை ஏழரைக்கே, "அக்கா, நீராகாரம் இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு சின்ன வெங்காயமும் ஒரு மோர் மிளகாயும் வைத்துக் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டு, கேட் திறப்பதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். இட்லி, பொங்கல், பூரி எல்லாம் விற்கிறேன் என்றாலும் நான் மனம் ஒன்றிச் செய்யும் வியாபாரம் இந்த நீராகாரம்தான்.

இந்த வைகாசியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நெல் திருவிழா நடந்தது. டெல்டாவில் இப்போதெல்லாம் கோடை வந்தால் ஊருக்கு ஊர் இது நடக்கிறது. இவற்றுக்கெல்லாம் தாய்வீடு திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள ஆதிரெங்கம். 2003இல் இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரை போன பயணத்தில் உடன் நடந்தவர் ஜெயராமன். அதன் பிறகு ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டினார். 'நெல்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2006இல் ஆதிரெங்கத்தில் முதல் நெல் திருவிழாவை நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வைத்தார். பணம் கேட்கவில்லை, விதைக்கு விதையைத்தான் கேட்டார். 2018 டிசம்பரில் அவர் காலமாகிவிட்டார். ஆனால் அந்த இரண்டு கிலோக்கள் இன்னும் வயலுக்கு வயல் போய்க்கொண்டே இருக்கின்றன.

எனக்கு நிலம் கிடையாது. விதை வாங்க நான் போகவில்லை. நீராகாரத்துக்கு எந்த அரிசி சிறந்தது என்று என் நாக்கே சொல்ல வேண்டும் என்பதற்காகப் போனேன். இத்தனை நாளும் கடையில் இட்லிக்கு வாங்கும் ஏ.டி.டி. 37 குண்டு அரிசியைத்தான் சோற்றுக்கும் வடித்து ஊற்றிவந்தேன். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அருமையான ரகம் அது. 1922இலிருந்து நெல்லுக்காகவே இயங்கும் இடம். அவர்கள் ரகம் இல்லாவிட்டால் என் இட்லி பூப்போல வராது. ஆனால் இட்லிக்கு நல்ல அரிசி நீராகாரத்துக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை அல்லவா?

மண்டபத்தின் பந்திக் கூடத்தில், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில், பத்து மண்பானைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி. முன்னால் அட்டையில் ரகத்தின் பெயர். வேதாரண்யம் பக்கத்து மகளிர் குழுவினர் நடத்திய மூலை அது. அவர்களுக்குத் தலைவியாக எழுபது வயதைத் தொட்ட ஒரு பெரியம்மா இருந்தார். முதல்நாள் மாலையே வந்து, மண்டபத்தின் பின்புறம் அடுப்பு மூட்டி, பத்து அரிசியையும் தனித்தனியாக வடித்து ஆற வைத்து, இரவு ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பத்துப் பானைக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அளவு. உப்பு எதிலும் போடவில்லை. வேதாரண்யம் கல்லுப்பைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்கள்.

"உப்பை முதலில் போட்டுவிட்டால் உப்பைத்தான் குடிப்பாய். அரிசியைக் குடிக்க மாட்டாய்" என்றார் பெரியம்மா.

அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

என்னோடு என் தம்பி வந்திருந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை. அங்கே சிறு ஆலைகள் சிறிய அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் வகைகளை ருசி பார்க்கும் திருவிழாக்களுக்கு நண்பர்களோடு போகிறவன். ஊர் வந்தால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பானை வரிசையைப் பார்த்ததும் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"அக்கா, இதைக் கண்டபடி குடிக்கக் கூடாது. அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நிறம் வெளுத்ததிலிருந்து கறுத்ததற்குப் போக வேண்டும், மென்மையானதிலிருந்து கடுமையானதற்கு. கசப்பு மிகுந்ததை முதலில் குடித்துவிட்டால் அடுத்த நான்கு வகைகளும் நாக்குக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெறும் தண்ணீர். கொஞ்சமாக வாங்கு, முதலில் முகர்ந்து பார், பிறகு வாயில் வைத்திரு, உடனே விழுங்கிவிடாதே."

பெரியம்மா இதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து, பானைகளை இடம் மாற்றி வைக்கச் சொன்னார். கவுனி இருந்த இடத்துக்குத் தூயமல்லி வந்தது. கோயிலில் பானகம் கொடுக்கும் சிறு டம்ளர்கள் இருபது அவர்களிடம் இருந்தன. அன்று காலை அந்த மூலைக்கு வந்த எல்லோரும் என் தம்பி சொன்ன வரிசைப்படிதான் குடித்தார்கள்.

தூயமல்லி முதல். வெள்ளை அரிசி, தண்ணீரும் தெளிவாக இருந்தது. புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் வந்து தொட்டுவிட்டுப் போய்விட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கொடுக்கலாம், குழந்தைக்குக் கொடுக்கலாம். கிச்சிலிச் சம்பாவும் ஏறக்குறைய அதே குணம்தான், கொஞ்சம் கூடுதலாகத் தித்திப்பு. சீரகச் சம்பா எனக்குப் பிடிக்கவில்லை. பிரியாணிக்கு அது ராஜா. ஒரு இரவு தண்ணீரில் கிடந்தபின் அந்த மணம் ஒரு பக்கமும் புளிப்பு இன்னொரு பக்கமுமாக நிற்கிறது, இரண்டும் சேரவில்லை. அரிசிக்கு அரிசி வேலை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பூங்காரில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இளஞ்சிவப்பு அரிசி. தவிடு முழுவதும் போகாமல் அரைத்திருந்தார்கள். நீராகாரத்துக்கு ஒரு கனம் வந்திருந்தது. குடித்தபின் தொண்டையில் மெல்லிய துவர்ப்பு தங்கியது. அடுத்து வந்த குடவாழை அதே பாதையில் இன்னும் நான்கு அடி முன்னால் போனது. அது பெரியம்மாவின் சொந்த ஊர் நெல். கடலோரத்தில் மானாவாரியாகத் தெளித்து விளைவது. அதைக் கொடுக்கும்போது மட்டும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைச் சம்பாவைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டு மாப்பிள்ளை இளவட்டக்கல் தூக்கும் கதை தெரியாதவர்கள் இல்லை. எனக்குத் தோன்றியதை மட்டும் சொல்கிறேன். பத்தில் மிகவும் வயிறு நிறைப்பது அதுதான். சிவந்து, குழம்பி, கஞ்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிறது. உழைப்பாளிக்கான பானம். கடையில் வைத்தால் கட்டடத் தொழிலாளர்கள் விரும்புவார்கள், ஆபீஸ் போகிறவர்கள் பாதியில் வைத்துவிடுவார்கள். காட்டுயானம் அதைவிட முரடு. யானை நுழைந்தாலும் தெரியாத உயரத்துக்கு வளரும், வெள்ளத்தில் நின்று விளையும், ஆறு மாதப் பயிர். அந்தப் பொறுமை அரிசியிலும் இருக்கிறது. ஓர் இரவு அதற்குப் போதவில்லை. சோற்றின் நடு இன்னும் இறுகியே இருந்தது, தண்ணீரில் புளிப்பு ஏறவில்லை. "இதற்கு ஒன்றரை நாள் கொடுக்க வேண்டும், இவர்கள் ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும் என்றார்கள்" என்று பெரியம்மா மற்றப் பெண்களைக் காட்டிச் சொன்னார். அது நியாயமான குறை. பத்துக்கும் ஒரே நேரம் என்பது போட்டிக்குச் சரி, அரிசிக்குச் சரியில்லை.

கருங்குறுவையை விரைவாகக் கடந்துவிட்டேன். சித்த மருந்துக்குப் பேர்போன நெல். அன்று எனக்கு அதில் துவர்ப்புத்தான் முன்னால் நின்றது.

பிறகு குழியடிச்சான்.

பார்த்தால் சாதாரணச் சிவப்பு அரிசி. உப்பு ஏறிய மண்ணில், தண்ணீர் குறைந்த இடத்தில், வேறு நெல் கைவிட்டுவிடும் நிலத்தில் விளையும் ரகம். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையில் அதற்கு நெடுங்கால மரியாதை உண்டு. பெரியம்மா துணியை விலக்கி, கையைப் பானைக்குள் விட்டு, அடியில் கட்டியாகக் கிடந்த சோற்றை விரல்களுக்கு நடுவில் நசுக்கி, நாலு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் கலங்கி மேலே சிறு குமிழ்கள் வந்தன. டம்ளரில் மொண்டு கொடுத்தார். முகர்ந்தேன். புதிதாக உடைத்த இளநீரின் வாசம் லேசாக இருந்தது. வாயில் வைத்ததும் புளிப்பு, அதன் பின்னாலேயே ஒரு தித்திப்பு, விழுங்கியபின் துவர்ப்பு. மூன்றும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் வரிசையாக வந்தன. பெரியம்மா என் டம்ளரில் இரண்டு கல் உப்பைப் போட்டு, "இப்போது குடி" என்றார். உப்பு விழுந்ததும் அந்தத் தித்திப்பு முன்னுக்கு வந்துவிட்டது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினேன். தம்பியும் வாங்கினான்.

"அக்கா, ஜெர்மனியில் 'கோஸா' என்று ஒரு பீர் இருக்கிறது. கோதுமையில் காய்ச்சுவது. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். புளிப்பாக இருக்கும். பெங்களூரில் ஒரு ஆலையில் குடித்திருக்கிறேன். இது அதற்குப் பக்கத்து வீடு" என்றான்.

"கொத்தமல்லியா?" என்று பெரியம்மா யோசித்தார். "நாங்கள் மோரில்தான் போடுவோம். போட்டால் நன்றாகத்தான் இருக்கும்."

அவருக்கு 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னை முழுவதும் போயிற்றாம். கன்று நட்டால் காய்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பகுதியைத் திருத்தி, திருத்துறைப்பூண்டியில் வாங்கிய குழியடிச்சான் விதையைத் தெளித்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த நெல் அவர் வீட்டில் நிற்கிறது.

கடைசியில் கருப்புக் கவுனி. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்து இனிப்பாகச் செய்யும் அரிசி. அதை நீராகாரமாக நான் அதற்கு முன் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. வடிக்கும் முன்பே ஓர் இரவு ஊற வைக்க வேண்டியிருந்ததால் இதற்கு மட்டும் ஒரு நாள் முன்னதாகவே வேலை தொடங்கியிருக்கிறார்கள். துணியை விலக்கியதும் சுற்றி நின்ற எல்லோரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கத்தரிப்பூ நிறமும் இல்லை, சிவப்பும் இல்லை. "ராத்திரி ஊற்றும்போது கறுப்பாக இருந்தது. புளிக்கப் புளிக்கச் சிவக்கிறது" என்றார் ஒரு பெண். அது உண்மைதான், கவுனியின் மேல்தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பு ஏறினால் சிவப்புக்குத் திரும்பும். அதனால் இந்தப் பானைக்கு ருசி பார்க்காமலேயே பக்குவம் சொல்லலாம். நிறம் ஊதாவில் நின்றால் இன்னும் நேரம் கொடு, சிவந்துவிட்டால் இறக்கு. ருசியோ நான் எதிர்பார்த்ததைவிட மென்மையானது. தித்திப்பு இல்லை. வறுத்த தானியத்தின் மணம், நீண்டு நிற்கும் துவர்ப்பு. தம்பி கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். கறுப்பு பீருக்குப் பார்லியை வறுத்துத்தான் அந்த மணத்தைக் கொண்டுவருவார்களாம். இந்த அரிசி வறுக்காமலேயே கொடுக்கிறது என்று அவனுக்கு ஆச்சரியம்.

பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் தயங்கித் தயங்கி, இதில் போதை உண்டா என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். ஓர் இரவில் சோற்றுத் தண்ணீரைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியா. பாலைத் தயிராக்குவதும் இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் அதே கூட்டம்தான். பீரில் வேலை செய்வது ஈஸ்ட்; அது சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. அரிசியின் மாவு தானாகச் சர்க்கரை ஆகாது. அதற்காகத்தான் பார்லியை முளைகட்டி உலர்த்துகிறார்கள். முளைக்கும் தானியமே தன் மாவை உடைக்கும் நொதியை உண்டாக்கிக்கொள்கிறது. நம் பானையில் அந்த வேலை நடப்பதில்லை. இரண்டு மூன்று நாள் மறந்து வைத்துவிட்டால் நுரைத்துக் கள் நாற்றம் வரும். அதைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.

ஆனால் அரிசியில் கள் இறக்கத் தெரியாத நாடு அல்ல இது. நான் பி.ஏ. தமிழ் படித்தவள், அந்தப் பையனிடம் சொன்னேன். பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையே இருக்கிறது. அரிசிக் கூழைப் பிழா என்ற அகன்ற வாய்த் தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள், அதில் நல்ல முளை அடையைக் கலக்கிறார்கள், இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளைய விடுகிறார்கள், பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். வீட்டில் சமைத்த நெல்லுக் கள்ளுக்குத் தோப்பி என்று பெயரும் அதே பாட்டில் வருகிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நம் காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடியவரும் அவரே. ஆற வைப்பது, கலப்பது, காத்திருப்பது, விரலால் அலைப்பது என்று அதில் வரும் கை வேலைகளில் பாதியைப் பெரியம்மா அன்று காலை என் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தார். கள் தமிழ்நாட்டில் 1987இலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. தோப்பியைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை. தானியத்தையும் தண்ணீரையும் பானையையும் வைத்துக் கணக்காக ஒன்றைப் பக்குவப்படுத்தும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பந்திக் கூடத்தில் இப்படி நடந்துகொண்டிருந்தபோது முன்கூடத்து மேடையில் பேச்சு நடந்தது. ஒலிபெருக்கி இங்கும் கேட்டது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு நோய்க்கு மருந்து. இது சர்க்கரைக்கு, இது மூட்டுவலிக்கு, இது பிள்ளை பெற்றவளுக்கு. விற்பனைக் கடைகளின் அட்டைகளும் அப்படித்தான். ஒரு கடையில்கூட 'இந்த அரிசிச் சோறு வத்தக்குழம்புக்கு நன்றாக இருக்கும்' என்று எழுதியிருக்கவில்லை. எனக்கு இது மிகுந்த வருத்தம். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எந்த அரிசியானாலும் அளவு பார்த்துத்தான் சாப்பிடுகிறார், மாத்திரையை மருத்துவர் சொன்னபடி போட்டுக்கொள்கிறார். அட்டையை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒன்று. வியாபாரியாக எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. மருந்து என்று வாங்குகிறவர் ஒரு கிலோ வாங்குவார். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். வலி குறையவில்லை என்றால் அரிசியை எறும்புக்கு விட்டுவிட்டு மறுபடி கடை வெள்ளை அரிசிக்குப் போய்விடுவார். ருசிக்காக வாங்குகிறவர் மாதா மாதம் வருவார். அவர்தான் விவசாயிக்கு வேண்டியவர்.

இந்த நெல்களைப் போடுகிறவர்களின் கணக்கு எளிதல்ல. அங்கே பேசிக்கொண்டிருந்த ஒரு விவசாயி ஐயா சொன்னார்: பயிர் உயரம், ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றடித்தால் சாய்ந்துவிடும்; மகசூல் புதிய ரகங்களைவிடக் குறைவு; வைக்கோல் நீளம், மாட்டுக்கு நல்லது என்பது ஒரு ஆறுதல்; அரிசியாக்கி விற்றால்தான் கட்டும், நெல்லாகப் போட்டால் கட்டாது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் ஒரு கணக்கு, தள்ளிப்போனால் வேறு கணக்கு. இத்தனையையும் தாங்கிக்கொண்டு பயிரிடுகிறவரின் அரிசியை, 'கொஞ்சம் கசக்கும், ஆனால் நல்லது' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு விற்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பெரியம்மாவின் மூலையில் யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லை. எது புளிப்பு, எது துவர்ப்பு, எதற்கு நார்த்தங்காய், எதற்குச் சுண்டக்குழம்பு என்றுதான் சண்டை. மன்னார்குடி அம்மா ஒருவர் பூங்காருக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் ஆகவே ஆகாது என்று அடித்துச் சொன்னார். முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் குடவாழையோடு கருவாடு இல்லாமல் ருசி பார்ப்பதே தவறு என்றார். மேடைப் பேச்சு முடிந்தபோது முன்கூடத்தில் பாதி நாற்காலி காலி. கூட்டம் பானைகளைச் சுற்றி நின்றது. அடுத்த வருடம் விழா நடத்துகிறவர்கள் தயவுசெய்து பானையை மேடையில் வையுங்கள், கை கழுவும் இடத்தில் வைக்காதீர்கள்.

தம்பி கிளம்பும்போது சொன்ன ஒரு செய்தி என் கடைக்கு மிகவும் உதவியது. பீர் காய்ச்சுகிறவர்கள் தண்ணீரைத்தான் முதலில் பார்ப்பார்களாம். செக் நாட்டுப் பில்சன் ஊர்த் தண்ணீர் மென்மையானது. 1842இல் அங்கே காய்ச்சிய வெளிர் பீர் உலகம் முழுவதும் பரவியதற்கு அந்தத் தண்ணீர் ஒரு காரணம். இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். அங்கே கசப்பு பீர் பேர்பெற்றது. இதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஆழ்துளைக் குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சப்பை, கொஞ்சம் உப்பு. இரண்டு தெரு தள்ளி என் சித்தப்பா வீட்டில் பழைய உறைகிணறு இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் அதில் ஊற்று ஏறும். ஒரே குழியடிச்சான் சோற்றை இரண்டு பானையில் பிரித்து, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் கிணற்றுத் தண்ணீர்ப் பானைதான் பெரியம்மா கொடுத்த ருசிக்குப் பக்கத்தில் வந்தது. குழாய்த் தண்ணீரில் துவர்ப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது, தித்திப்பு எழும்பவே இல்லை. இப்போது தினமும் மாலையில் சித்தப்பா வீட்டிலிருந்து இரண்டு குடம் வருகிறது.

பானையையும் மாற்றிவிட்டேன். எவர்சில்வர் அண்டா நின்றுவிட்டது. மண்பானையின் சுவரில் நீர் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உள்ளே குளிர்ச்சி நிற்கிறது. வைகாசி இரவில் புளிப்பு தறிகெட்டு ஓடாமல் நிதானமாக ஏறுகிறது. புதுப் பானையை நாலைந்து நாள் அரிசி கழுநீர் ஊற்றிப் பழக்கினேன். சோப்பு போடக் கூடாது என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும். தம்பி பெல்ஜியத்தைச் சொன்னான்: அங்கே ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், கொதித்த சாற்றை இரவில் திறந்து வைத்து, காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பவை வந்து புளிக்க வைக்கும் லாம்பிக் என்ற பீர் உண்டாம். அந்த ஆலைக்காரர்கள் பழைய கட்டடத்தின் கூரையை மாற்றவே யோசிப்பார்களாம். பானைக்குச் சோப்பு போடாதே என்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

விலையை ஐந்து ரூபாய் கூட்ட வேண்டியிருந்தது. கேட் மூடிய நேரத்தில் இறங்கி வருகிறவர்களுக்கு முதல் வாரம் ஒரு சிறு டம்ளரில் சும்மா கொடுத்தேன், உப்பு போடாமல். தஞ்சாவூர் பஸ் கண்டக்டர் ஒருவர் குடித்துவிட்டு, "இது எந்த ஊர்ப் பானம்?" என்று கேட்டார். வேதாரண்யம் என்றேன். மறுநாள் டிரைவரையும் அழைத்துவந்தார். வயதான ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. பழைய வெள்ளைத் தண்ணீரே வேண்டும் என்றார். அவருக்காக ஒரு சின்னச் சட்டியில் தூயமல்லி தனியாக வைக்கிறேன்.

பெரியம்மாவின் மகன் வழியாக மாதம் ஒரு மூட்டை குழியடிச்சான் வருகிறது. உப்பு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் இரண்டு கல் என்கிறார். நான் ஒன்றோடு நிறுத்துகிறேன், கூடவே நசுக்கிய கொத்தமல்லி விதை ஒரு சிட்டிகை. போனில் சொன்னபோது சிரித்தார், வந்து குடித்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வேன் என்றிருக்கிறார். ஆடி பிறக்கும்வரை குழியடிச்சான் தினமும் உண்டு. கவுனி சனிக்கிழமை மட்டும், பானை சிறியது. எட்டரைக்கு மேல் வந்தால் கிடைக்காது.